கேரட் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் கிழங்கு அழுகுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலத்தில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்று பாத்தியை மேலிருந்து கீழாகவே அமைக்கிறோம். மழை வந்தால் ஓடை செந்நிறமாக ஓடுகிறது. ஓடையோரக் கிணற்றில்தான் கீழே உள்ளவர்கள் குடிநீர் எடுக்கிறார்கள். குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ரசமட்டம் வைத்ததுபோல் குறுக்கே பாத்தி போட்டால் அடைமழையில் நீர் தேங்கத்தான் செய்யும். அதற்காக மேலிருந்து கீழாகப் போட்டால் ஒவ்வொரு பாத்தி இடைவெளியும் ஒரு வாய்க்காலாகி மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனாலே ஏறக்குறைய ஐந்து டன். வயலில் பார்த்தால் போன இடமே தெரியாது.

குறுக்கேதான் போட வேண்டும், ஆனால் நீர் மெல்ல வடியச் சிறிது வாட்டம், அதாவது சாய்வு விட்டு: நூறு அடி நீளத்துக்கு அரை அடி முதல் ஒரு அடி வரை இறக்கம். கண்ணளவில் இது வராது. ஏழடி நீளமுள்ள இரண்டு கழிகளை உச்சியில் கட்டி, அடியில் இரண்டு மீட்டர் அகலமாக விரித்து, நடுவே குறுக்குக் கழி கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல் தொங்கட்டும். சட்டத்தை நிறுத்தி, குறுக்குக் கழியில் நூல் படும் இடத்தைக் குறியுங்கள். கால்களை அதே இடங்களில் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியே சமமட்டம். இனி நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி சட்டத்தை வைத்து, ஒரு காலின் கீழ் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள மரத்துண்டைக் கொடுங்கள். நூல் நகர்ந்து நிற்கும் இடமே உங்கள் வாட்டக்குறி. மரத்துண்டை எடுத்துவிட்டு, நூல் அந்தக் குறியில் நிற்கும்படி கால் வைத்துக்கொண்டே போய் முளைக்குச்சி அடியுங்கள். துண்டு வைத்த கால் எப்போதும் நீர் வடியும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும்.

அந்த நீர் போய்ச் சேர நிலத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆழமில்லாத, அகலமான வடிகால் ஒன்று வேண்டும். அதில் புல் பிடித்த பிறகே பாத்தி நீரைத் திருப்புங்கள். வெறும் மண் வடிகாலில் விட்டால் அதுவே ஓடையாக அரித்துக்கொண்டு போகும். பலர் சறுக்குவது இங்கேதான். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபருக்கு முன்பே இந்த வேலை முடிந்திருப்பது நல்லது.

நூறு அடிக்குப் பதினாறு அடிக்கு மேல் உயரும் சரிவில் பாத்தி மட்டும் போதாது. உட்புறம் சாய்ந்த படித்தளம் வெட்ட வேண்டும். வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, கடைசியில் மேலே பரப்புங்கள். முப்பத்துமூன்று அடியைத் தாண்டினால் அங்கே கேரட் வேண்டாம். தேயிலையோ மரமோ தீவனப்புல்லோ இருக்கட்டும். வேளாண்மைப் பொறியியல் துறையிலும், உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்திலும் நேரில் விசாரியுங்கள்.

இனி கிணறு. உரத்திலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண் துகளோடு ஒட்டிக்கொண்டு போவது. மண்ணை நிறுத்தினால் அதுவும் பெரும்பாலும் நின்றுவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) அப்படியல்ல. நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழே இறங்குகிறது. ஓடை தெளிந்துவிட்டதால் கிணறும் நன்றாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கனமழைக்கு முன் கோழி எருவையும் யூரியாவையும் கொட்டுவது காசை ஓடையில் விடுவதுதான். மண்பரிசோதனை சொல்லும் அளவை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து இடுங்கள். ஓடைக்கரையில் ஐந்து மீட்டராவது உழாமல் புல் வளர விடுங்கள். கேரட் கழுவிய நீரை ஒரு குழியில் தேக்கி வண்டல் படிந்த பிறகே வெளியே விடுங்கள்.

கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருந்தால் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கக் கூடாது என்று கீழ்வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும்.