ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். நான் அவருடைய டிபென்டன்ட் பாஸில் கோவையிலிருந்து வந்து மலேசியாவின் பினாங்கில் இருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பயன்பாட்டுக் கையேடுகளும் தர ஆவணங்களும் எழுதும் பணியில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். இங்கே யாரிடம் வேலை கேட்டாலும், “பேசாமல் ஆங்கிலம் சொல்லிக் கொடுங்களேன்” என்கிறார்கள். ஒரு டியூஷன் நிலையத்தார் சம்பளத்தைக் கையிலேயே தருவதாகவும் சொல்கிறார்கள். எனக்கு ஆசிரியப் பணியில் நாட்டமில்லை. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: உண்டு, அதுவும் உங்கள் கணவர் தினமும் போய்வரும் வட்டாரத்திலேயே உண்டு. அதற்குமுன் டியூஷன் பேச்சை முடித்துவிடுவோம். டிபென்டன்ட் பாஸ் கணவருடன் தங்கியிருப்பதற்கான அனுமதி. வேலை செய்வதற்கான அனுமதி அன்று. சம்பளத்தைக் கையில் வாங்கினாலும் வங்கியில் வாங்கினாலும், பாஸின் நிபந்தனையை மீறியதாகவே குடிநுழைவுத் துறை கொள்ளும். “நாலு பிள்ளைகளுக்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்” என்ற விளக்கம் அங்கே எடுபடாது. நீங்கள் எந்த வேலைக்குப் போவதானாலும், உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உங்கள் பெயரில் தனியாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் வாங்கித் தர வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்ததும் அந்த ஆண்டு பினாங்கில்தான். சிப்புகளைப் பற்றியே எல்லாரும் பேசுவதால், மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளும் இங்கே வேரூன்றியிருப்பது பலர் கண்ணில் படுவதில்லை. அந்தத் தொழிலில் காகித வேலை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்: ஒரு குழாயின் மூடியை மாற்றினாலும், கையேட்டின் திருத்த எண் மாற வேண்டும், மாற்றத்துக்கான காரணம் பதிவாக வேண்டும், உரியவர்கள் கையெழுத்திட வேண்டும், தளத்தில் கிடக்கும் பழைய பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டும். மருத்துவக் கருவித் தயாரிப்புக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தரச் சான்றிதழ் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் ‘எம்.ஏ. ஆங்கிலம்’ என்பதை முதல் வரியில் போடாதீர்கள். அதைப் பார்த்த உடனேயே மனிதவளப் பிரிவினர் உங்களை வகுப்பறைக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த வகைக் கருவிக்கு எழுதினீர்கள், எந்தத் தரத்தின்கீழ் எழுதினீர்கள், எத்தனை தணிக்கைகளில் ஆவணங்களை எடுத்து வைத்துப் பதில் சொன்னீர்கள் என்பவை மேலே வரட்டும். பட்டம் கடைசியில் இருந்தால் போதும்.

டெக்னிக்கல் ரைட்டர், ரெகுலேட்டரி அஃபேர்ஸ் (கருவிகளுக்கு அரசு ஒப்புதல் பெறும் பணி) ஆகிய பெயர்களில் வரும் விளம்பரங்களைப் பாருங்கள். ‘டாக்குமென்ட் கன்ட்ரோல்’ எழுத்தர் வேலையும் கண்ணில் படும். அதற்கு மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சம்பளத்துக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பார்கள் என்பது ஒரு காரணம். எம்ப்ளாய்மென்ட் பாஸின் கடைசி வகுப்புக்கு நெடுங்காலம் 3,000 ரிங்கிட்டாக இருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜூன் 1 முதல் 5,000 ரிங்கிட்டாக உயர்வது மற்றொரு காரணம். எழுத்தர் வேலைக்கு அவ்வளவு கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள்.

வெளிநாட்டவர் பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. உங்களைப் பிடித்துப்போன எல்லா முதலாளிகளாலும் உங்களுக்கு பாஸ் எடுத்துவிட முடியாது. முழுக்க உள்ளூர்க்காரருக்குச் சொந்தமான நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது பங்குதாரர்கள் உண்மையில் போட்ட முதல், 250,000 ரிங்கிட்டாவது இருக்க வேண்டும். உள்ளூர்க்காரரும் வெளிநாட்டவரும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு 350,000, முழு வெளிநாட்டு நிறுவனத்துக்கு 500,000 என்பது பொது விதி. அந்தப் பணியிடத்தை மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் முதலில் உள்ளூர்வாசிகளுக்காக விளம்பரம் செய்யும் கடமையும், விலக்கு பெற்ற பதவிகளைத் தவிர மற்றவற்றுக்கு, நிறுவனத்துக்கு உண்டு. எனவே முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, “இதற்குமுன் வெளிநாட்டவர் யாருக்காவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் எடுத்திருக்கிறீர்களா?” என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பதில் இழுபறியாக வந்தால், மூன்று சுற்று நேர்காணலுக்குப் போய் நாளைக் கழிக்காமல் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். உங்கள் கணவர் மலேசியாவில் குறைந்தது 3 ஆண்டுகள் வேலை செய்தவராகவும், சம்பளம் உயர்ந்த நிலையில் உள்ளவராகவும் இருந்தால், டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனத்தின் வழியாக ரெசிடன்ஸ் பாஸ்–டேலண்ட் என்ற நீண்டகாலத் தங்கும் அனுமதியைக் கேட்கலாம். அது 10 ஆண்டுகள்வரை செல்லும். அதைப் பெற்றவரின் துணைவருக்குத் தனி எம்ப்ளாய்மென்ட் பாஸ் இல்லாமலே வேலை செய்யும் உரிமை உண்டு.

கேள்வி: பி.காம். முடித்து மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். சுற்றுலா அனுமதியில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். தமிழ் தெரிந்திருப்பது இங்கே உதவும் என்கிறார்கள். பணம் கொடுத்தால் இங்கிருந்தபடியே பெர்மிட் மாற்றித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அதுவரை மாமாவுக்குத் தெரிந்த கடையில் கல்லாவில் உட்காரலாமா?
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: உட்கார வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். பிடிபட்டால் பாதிப்பு உங்களோடு நிற்காது: குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வோர் ஆளுக்கும் கடைக்காரருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்கிறது, சிறைக்கும் இடமுண்டு. பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனமே. ஒப்புதல் வந்தபின் சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் விசா பெற்று வருவதுதான் நேரான பாதை.

தமிழ் உதவும் என்று சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் பேசும் மலேசியர்கள் ஏராளமாக இருக்கும் நாட்டில், தமிழ் தெரியும் என்பதற்காக மட்டும் வெளிநாட்டவரை எடுத்தாக வேண்டும் என்று எந்த நிறுவனமும் வாதிட முடியாது. உங்களிடம் உள்ள அரிய சரக்கு இந்தியக் கணக்கு. மலேசியாவில் ஜி.எஸ்.டி. 2018இல் கைவிடப்பட்டு விற்பனை, சேவை வரி திரும்பிவிட்டது, இந்தியாவின் ஜி.எஸ்.டி. தாக்கல், டி.டி.எஸ். பிடித்தம் ஆகியவற்றில் நாள்தோறும் கைவைத்துப் பழகியவர்கள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. பாங்சார் சவுத்திலும் சைபர்ஜெயாவிலும் இயங்கும் பகிர்வுச் சேவை மையங்கள் ஆசிய நாடுகள் பலவற்றின் கணக்குகளை ஒரே கூரையின்கீழ் பார்க்கின்றன. இந்தியாவில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தின் மையத்தைத் தேடிப்பிடித்து, ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கிருந்தே விண்ணப்பியுங்கள். தெலுங்கோ இந்தியோ தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ‘அக்கவுன்டன்ட்’ என்று உங்களை நீங்களே அழைத்துக்கொள்ள மட்டும் அவசரப்படாதீர்கள். 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்தவர்களுக்கே அந்தப் பட்டப் பெயர் உரியது.

வேலை கிடைத்துச் சேரும்போது நாள்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஓர் ஆண்டில் 182 நாள்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால், அடுத்த ஆண்டுடன் சேர்த்துக் கணக்கிடச் சில நேரங்களில் சட்டம் இடம் தந்தாலும், பொதுவாகக் குடியிருப்பாளர் அல்லாதவராகக் கருதிச் சம்பளத்தில் 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். ஆண்டின் இறுதியில் சேருகிறவர்கள் முதல் சில மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ந்துபோவது இதனால்தான்.

கேள்வி: சென்னை நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் வேலையைப் பினாங்கில் தங்கியபடி செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: முடியும். 2022 அக்டோபரில் தொடங்கிய டி ரந்தாவ் பாஸ் இதற்கென்றே உள்ளது. 3 முதல் 12 மாதங்கள்வரை தருகிறார்கள்; மேலும் 12 மாதங்கள் நீட்டிக்கலாம். தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர், அதாவது 20 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல், இருக்க வேண்டும். பிற துறையினருக்கு 60,000 டாலர். மனைவி மக்களையும் அழைத்து வரலாம். ஏற்கெனவே கையில் வேலை வைத்திருப்பவர்களுக்கான பாஸ் இது. ஒப்பந்தக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் வங்கி அறிக்கைகளையும் திரட்டிக்கொண்டு விண்ணப்பியுங்கள்.