கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து மறுபடி விண்டோஸ் போடுவது என்றால் என்ன?

டிரைவில் இருப்பதைத் துடைத்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவது, அவ்வளவுதான்.

ஏன் தேவைப்படுகிறது? மென்பொருள்களைப் போடுவதும் எடுப்பதுமாக வருடங்கள் ஓடும்போது, எடுத்த பிறகும் அவற்றின் மிச்சங்கள், பழைய டிரைவர்கள் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்க உதவும் நிரல்கள்), கணினியைத் திறந்ததுமே தானாக ஓடும் நிரல்கள் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். வைரஸ் புகுந்திருந்தால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட மொத்தமாகத் துடைப்பதே நம்பகமான வழி.

ஆனால் முதலில் பேக்கப், அதாவது முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து வைப்பது. டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் பொதுவாக விண்டோஸ் இருக்கும், அழியப்போகிற சி டிரைவில்தான் இருக்கின்றன, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்! விண்டோஸ் நிறுவல் கோப்புகளைப் போட குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும், அதில் ஏற்கெனவே இருப்பதும் அழிந்துவிடும். நிறுவும்போது டிரைவின் எந்தப் பகுதியை (பார்டிஷன்) அழிக்கலாம் என்று கேட்கும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது, எண், அளவு போன்ற விவரங்கள்தான் இருக்கும். அதனால் எது எத்தனை ஜிபி என்று முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தவறான பகுதியை அழித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

அப்புறம், ஃபார்மட் செய்தாலே எல்லாம் அடியோடு அழிந்துவிடும் என்பது தவறு. குவிக் ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல, பக்கங்கள் அப்படியே இருக்கும். குறிப்பாக ஹார்ட் டிஸ்க்கில், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளால் கோப்புகளை எடுக்க முடியும். கணினியை விற்பதாக இருந்தால் விண்டோஸ் ரீசெட்டில் டிரைவை முழுதாகச் சுத்தம் செய்யும் தேர்வை எடுங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை.