டேக் போட்ட பிளாஸ்மிடுக்கு இவ்வளவு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது சிறிய கல்லூரி ஆய்வகம். மனிதப் புரதம் ஒன்றை ஹெக்293 என்ற மனிதச் செல்களில் ஃபிளாக் டேக்குடனும், இ.கோலை பாக்டீரியாவில் ஹிஸ் டேக்குடனும் உருவாக்க வேண்டும் (டேக் என்பது புரதத்தை அடையாளம் காணவும் பிரித்தெடுக்கவும் அதன் முனையில் ஒட்டும் சிறு துண்டு). மரபணுவும் டேக்கும் சேர்ந்த ரெடிமேட் குளோனுக்கு, அதாவது அவற்றைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடுக்கு, விலை கேட்டோம். ஒன்று வாங்கினாலே மூன்று மாத ரசாயனச் செலவு போய்விடும். மலிவாக வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ரெடிமேட் குளோனில் நீங்கள் காசு கொடுப்பது மரபணுவுக்கும் அதை ஒட்டிக்கொடுத்த உழைப்புக்கும்தான். டேக் மிகச் சின்னது. ஃபிளாக் என்பது 8 அமினோ அமிலம், அதாவது டிஎன்ஏவில் 24 பேஸ் (எழுத்து). வேறு டேக்குகளான ஹெச்ஏ 27, மிக் 30, ஹிஸ் டேக்கான ஆறு ஹிஸ்டிடின் வெறும் 18. எல்லாமே, பிசிஆரில் மரபணுவை நகலெடுக்கப் பயன்படும் குட்டி டிஎன்ஏவான பிரைமரின் வாலில் அடங்கிவிடும். அதனால் டேக்கைத் தேடி அலைய வேண்டாம், மரபணுவைத் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் ஆய்வக ஃபிரிட்ஜைத் திறந்து, டேக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி, ரெசின் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். நீண்ட நாள் கணக்கில் பணம் கரைவது பிளாஸ்மிடில் அல்ல, இவற்றில்தான். பக்கத்து ஆய்வகத்தில் நல்ல மிக் ஆன்டிபாடி இருந்தால் ஃபிளாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மிக் டேக்குக்கான 9இ10 ஆன்டிபாடியை அயோவா பல்கலைக்கழகத்தின் ஹைப்ரிடோமா வங்கி குறைந்த விலைக்குத் தருகிறது. இ.கோலைக்கு ஹிஸ் என்ற உங்கள் தேர்வு சரியானது. நிக்கல் ரெசினை இடிடிஏ விட்டுக் கழுவி, நிக்கல் சல்ஃபேட் ஊற்றி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம்.

மரபணுவுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் ஆட்ஜீன். 2004-இல் தொடங்கிய இலாப நோக்கற்ற அமெரிக்கக் களஞ்சியம். ஆய்வாளர்கள் தாங்கள் செய்த பிளாஸ்மிடை அங்கே கொடுத்து வைக்கிறார்கள். அடுத்தது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிஎன்ஏஎஸ்யூ. அங்கே மனித மரபணுக்கள் நிறைய உண்டு. புரதம் முடியும் இடத்தைக் குறிக்கும் ஸ்டாப் கோடான் உள்ளதா, இல்லாததா என்று பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். தேவையானதை எல்லாம் ஒரே ஆர்டரில் சேர்த்தால் கூரியர் செலவு மிச்சம்.

காகித வேலையை முன்கூட்டியே தொடங்குங்கள். பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, கல்லூரியின் அதிகாரம் பெற்றவரும் போட வேண்டும். இந்தியாவில் இருந்தால் நிறுவன உயிரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். ஆபத்து குறைந்த முதல் இரண்டு வகைகளுக்கு இறக்குமதி அனுமதியை அந்தக் குழுவே தரலாம் என்று உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் நடைமுறையை எளிதாக்கியது.

ஆய்வுக் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுவதில் பலருக்குத் தயக்கம். தயங்கவே வேண்டாம், பல ஆய்விதழ்கள் பொருளைப் பகிர்வதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு துண்டு வடிகட்டித் தாள்தான் உறையில் வரும், பென்சிலால் வட்டம் போட்டு, நடுவில் டிஎன்ஏ காய்ந்த நிலையில். வட்டத்தை வெட்டி 50 மைக்ரோலிட்டர் டிஇ என்ற தாங்கல் கரைசலில் ஊறவைத்து, அதில் கொஞ்சம் எடுத்து டிரான்ஸ்ஃபார்ம் செய்யுங்கள், அதாவது பாக்டீரியாவுக்குள் ஏற்றுங்கள். நண்பரின் ஆய்வகத்தில் இருக்கும் பிளாஸ்மிடை அப்படியே வாங்குவது மட்டும் சரியல்ல. களஞ்சிய ஒப்பந்தங்கள் பொதுவாக அதைத் தடுக்கின்றன, முதலில் செய்தவரைக் கேளுங்கள்.

இனி ஒட்டும் வேலை. ஹெக் செல்லுக்கு, மரபணு இல்லாத காலிப் பிளாஸ்மிடான பிசிடிஎன்ஏ3.1 போதும். முன் பிரைமரில் ஓரத்துக்கு 6 பேஸ், ஹிண்ட்-3 என்சைம் வெட்டுமிடம் 6, புரத உற்பத்தி தொடங்க உதவும் கோசாக் வரிசை 6, தொடக்கக் கோடான் 3, ஃபிளாக் 24, அப்புறம் மரபணுவின் இரண்டாம் கோடானிலிருந்து 20. ஆக 65 பேஸ். மரபணுவுக்குள் ஹிண்ட்-3 வெட்டுமிடம் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிசிஆரின் முதல் சில சுழற்சிகளுக்கு பிரைமர் ஒட்டும் (அனீலிங்) வெப்பநிலையைக் கடைசி 20 பேஸை வைத்து மட்டும் கணக்கிடுங்கள். நீள பிரைமரில் தயாரிப்புப் பிழை சற்று அதிகம், அதனால் மூன்று நான்கு காலனியையாவது சீக்வென்ஸ் செய்யுங்கள்.

இ.கோலைக்கு பிஇடி-28ஏ பிளாஸ்மிட். என்டிஇ-1, எக்ஸ்ஹோ-1 வெட்டுமிடங்களுக்கு இடையில், மரபணுவின் சொந்த ஸ்டாப்புடன் வைத்தால் ஹிஸ் முன்னால் வரும், த்ராம்பின் என்சைம் கொண்டு வெட்டியும் எடுக்கலாம். என்கோ-1, எக்ஸ்ஹோ-1 இடையில், ஸ்டாப் இல்லாமல் வைத்தால் ஹிஸ் பின்னால் வரும். இந்த ஸ்டாப்பை எடுக்க மறந்து நான் மூன்று வாரம் இழந்திருக்கிறேன். ஜெல்லில் புரதம் தடிமனாகத் தெரிந்தது, ஹிஸ் ஆன்டிபாடி போட்ட வெஸ்டர்ன் பிளாட்டில் ஒன்றுமே இல்லை. ஆன்டிபாடியைச் சந்தேகித்துப் புதிதாக ஒன்று வாங்கிய பிறகுதான் சீக்வென்ஸைத் திறந்து பார்த்தேன்.

டேக் எந்த முனையில் என்பதை உங்கள் புரதம்தான் சொல்ல வேண்டும். வெளியே சுரக்கும் புரதமானால் முன்முனையில் அதை வெளியே அனுப்பும் சிக்னல் பெப்டைட் இருக்கும், அங்கே ஃபிளாக் வைத்தால் அது இடையூறாகும் அல்லது வெட்டுப்பட்டுப் போகும். பின்முனையில் லிப்பிட் ஒட்டும் புரதங்களுக்குப் பின்னால் டேக் ஆகாது. இது தெரியாமல் நான் சொன்ன 65 பேஸ் பிரைமரை ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

களஞ்சியத்திலிருந்து வருவது அகாரில் குத்தி வளர்த்த பாக்டீரியாவாக இருக்கும். அதை நேராகத் திரவத்தில் போடாமல், பிளேட்டில் கோடிழுத்து ஒற்றைக் காலனி எடுங்கள். பிளேட்டில் சேர்க்கும் ஆன்டிபயாடிக், பிஇடி-28ஏ-வுக்கு கனமைசின், பிசிடிஎன்ஏ3.1-க்கு ஆம்பிசிலின்.