முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படித்தானா?

கேள்வி: முதல் குழந்தை சிசேரியன். இப்போது மறுபடியும் 5 மாதம். இதுவும் ஆபரேஷன்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். சுகப்பிரசவத்துக்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. உள்ளே கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதுதான் கணக்கு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். 'எல்.எஸ்.சி.எஸ்' என்றிருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் குறுக்குவெட்டுதான். இவர்களில் வலியெடுத்துப் பெற முயல்பவர்களில் 4-ல் சுமார் 3 பேருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு. மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

முதல் சிசேரியன் எதற்காக என்பதும் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் செய்தது என்றால், இம்முறை அந்தச் சிக்கல் வராமலே போகலாம். தலை இறங்காமல் நின்றுபோனதால் என்றால் வாய்ப்பு சற்றுக் குறைவு. முந்தைய பிரசவம் முடிந்து 18 மாதத்துக்குள் அடுத்தது என்றாலும் தையல் பிரியும் ஆபத்து கூடும்.

தையல் பிரிவதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது தாயின் வலியல்ல, குழந்தையின் இதயத்துடிப்பு. அதனால் வலி தொடங்கியதிலிருந்து துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். எந்நேரமும் தியேட்டரும் மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் தயாராக உள்ள மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் இதை முயலாதீர்கள். மறுபடி சிசேரியனே என்று முடிவானால், அவசரக் காரணம் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன் தேதி குறிக்க வேண்டாம். சீக்கிரம் எடுத்த குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த ஆபத்து ஏறும். பிரசவத்தில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்குக்கு இது காரணமாகும்.

கேள்வி: ஸ்கேனில் குழந்தையின் கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி தெரிகிறது. சிசேரியன் அவசியமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் இல்லை. வயிற்றுக்குள் குழந்தை மூச்சுக்குழாயால் சுவாசிப்பதில்லை. ஆக்சிஜன் கொடி வழியாகவே வருகிறது. நிறையக் குழந்தைகள் கொடி சுற்றியபடியே சுகமாகப் பிறக்கின்றன. வலியின்போது இதயத்துடிப்பு இறங்கி, ஏறாமல் நின்றால் அப்போது முடிவெடுப்பார்கள். குழந்தைக்கு முன்பே கொடி வெளியே நழுவிவிட்டால்தான் நிமிடக் கணக்கில் ஓட வேண்டிய அவசரம்.

கேள்வி: முதுகில் போட்ட ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலியா?

பதில்: ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். நெடுநாள் வலிக்குக் கர்ப்பத்தில் தளர்ந்த தசைகளும், குனிந்தபடியே பாலூட்டுவதும் பெரும்பாலும் காரணம். ஆனால் எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் குறைகிறது என்றால் அது வேறு. தண்டுவட நீர் கசிவதாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.