கண்ணாடி உடையுமா? உப்புநீர்த் தொட்டி கேள்வி - பதில்

கே: கையால் அடித்து ஓட்டை உடைத்துத் தின்னும் கடலுயிரான பீகாக் மேன்டிஸ் இறால் ஒன்று வாங்கி வளர்க்க ஆசை. அடித்தால் கண்ணாடியே உடைந்துவிடும், அக்ரிலிக் தொட்டிதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். எங்கள் வீடோ பன்னிரண்டாவது மாடி. கீழ்வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது?
- செராஸ் வாசகர்

ப: கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கட்டும். அடி பலமானதுதான். 2004-இல் அதிவேகக் கேமராவில் அளந்தபோது அதன் கை விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போனது. நத்தை ஓடு அதற்கு அப்பளம். ஆனாலும் 8 மி.மீ. கண்ணாடி விரிசல் விடுவது அபூர்வம். கவனிக்க வேண்டியது அடிக்கண்ணாடியை மட்டும். வளை தோண்டிக்கொண்டே போய் அங்கேதான் தட்டிப் பார்க்கும். மணல் போடுவதற்கு முன் ஓர் அக்ரிலிக் தகட்டை அடியில் விரித்துவிடுங்கள். மூடி கட்டாயம், ஏறி வெளியே வந்துவிடும்.

நீங்கள் கேட்க மறந்தது வெப்பத்தைப் பற்றி. நம் ஊர் வீட்டில் பம்பும் விளக்கும் ஓடும் தொட்டி சர்வசாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும். இதற்கு 24 முதல் 26 வரை இருந்தால் நல்லது. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், உயிரின் தேவையோ கூடும். விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் மழைக்கு முந்தைய புழுக்கத்தில் நீர் அவ்வளவாக ஆவியாகாது, அன்று விசிறி சுற்றியும் பெரிய பயனில்லை. நீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கிவிடுங்கள். அதை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சி, மின்கட்டணத்தைத்தான் ஏற்றும்.

மற்றவை சுருக்கமாக. இரண்டரை அடி நீளத் தொட்டி, சுமார் 100 லிட்டர் நீர். ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவை 3.5 முதல் 4 கிலோ. உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வரவேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் ஆகும்வரை, அதாவது நான்கிலிருந்து ஆறு வாரம், உயிர் எதையும் விடாமல் தொட்டி ஓடட்டும். பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தால், அதில் செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றியதுண்டா என்று கேளுங்கள். ஊற்றியிருந்தால் வேண்டாம், செம்பு இதற்கு விஷம்.

வளையில் கஞ்சத்தனம் கூடாது. 12 செ.மீ. உயிருக்கு, ஹார்ட்வேர் கடையில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் 40 செ.மீ. வாங்கி, இரு முனையிலும் வளைவு மாட்டி, வாய் இரண்டும் மணலுக்கு மேலே தெரியும்படி புதைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு கைப்பிடி உடைந்த பவளத்துண்டுகள் போடுங்கள். மறுநாள் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் வாசலைத் தன் அளவுக்குக் குறுக்கி வைத்திருக்கும். விளக்கை மங்கலாகவே வையுங்கள். பவளம் வளர்க்கும் கூசும் வெளிச்சத்தில், ஒளிய இடமில்லாமல் இருக்கும் பீகாக்கிற்குத்தான் ஓட்டில் கறுப்புக் குழி விழும் நோய் அதிகம் வருகிறது.

கே: சௌகிட் சந்தையில் உயிரோடு விற்கும் ஊடாங் லிப்பானையே (மலாயில் மேன்டிஸ் இறால்) வளர்க்கலாமே, எதற்குக் காசு கொடுத்து பீகாக்?
- செந்தூல் வாசகி

ப: சமைப்பதாக இருந்தால் சந்தை, வளர்ப்பதாக இருந்தால் கடை. சந்தைக்கு வருபவை பெரும்பாலும் சேற்றில் வாழும் ஈட்டிக்கை இனங்கள். ஓட்டை உடைக்காது, மீனைக் குத்திப் பிடிக்கும். ஆழமான சேற்று வளை இல்லாமல் நிலைகொள்ளாது. வலையில் அடிபட்டு, குறைந்த நீரில் கூட்டமாகக் கிடந்த பிறகு பிழைப்பதும் கடினம்.

கே: எங்கள் பீகாக் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. வளை வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டது. நேற்று உள்ளே செத்த உடல் மாதிரி ஏதோ தெரிந்தது. குழாயைப் பிடுங்கிப் பார்க்கட்டுமா?
- ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

ப: தொடாதீர்கள்! சட்டை உரிக்கிறது. நீங்கள் பார்த்தது கழற்றிப் போட்ட சட்டையாகவே இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவினால், கண் இருந்த இடம் வெறும் கூடாக இருந்தால், அது சட்டை. செத்திருந்தால் உடல் வெளிறி மங்கும், தொட்டி நாறும், அம்மோனியா ஏறும். சோதனைக் கருவியில் அம்மோனியா சுழியம் என்றால் காத்திருங்கள்.

வாசலைத் திறந்து வெளியே வந்ததும் ஆசையாக நத்தை போட்டுவிடாதீர்கள். புதுக் கை இன்னும் இறுகியிருக்காது. ஒரு வாரம் பத்து நாளைக்கு உப்பில்லாத இறால் சதை போதும். அதன்பிறகு வாரம் இரண்டு மூன்று முறை கேராங் (சிப்பி) கொடுங்கள். சாத்தே குச்சியில் வைத்து நீட்டுங்கள், விரலில் வேண்டாம். வாங்கிய கேராங்கைச் சட்டென்று அடிக்காது. முன்னும் பின்னும் திருப்பி, உணர்கொம்பால் தடவிப் பார்த்து, இடம் தேர்ந்து அடிக்கும். சத்தம் ஹாலுக்குக் கேட்கும். வெறும் இறால் சதையே கொடுத்துப் பழக்காதீர்கள், ஓடு உடைப்பது அதற்குப் பிழைப்பு. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

கே: புதிதாக வாங்கிய பாறையிலிருந்து இரவில் டக் டக் என்று சத்தம். நத்தைகளும் காணாமல் போகின்றன. மேன்டிஸ்தானா?
- ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு

ப: சத்தம் மட்டும் என்றால், கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம், அது நத்தையை நொறுக்காது. மணலில் உடைந்த ஓட்டுச் சில்லுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் மேன்டிஸ். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் எந்தத் துளை என்று குறித்துக்கொள்ளுங்கள். பாறையை வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அந்தத் துளைக்குள் கொஞ்சம் சோடா நீரைப் பீய்ச்சினால் துள்ளி வெளியே விழும். வாளியில் தொட்டி நீரே இருக்கட்டும், அப்போதுதான் பிழைக்கும். கையில் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.