பன்னாட்டு நிறுவனங்கள் வரி தவிர்ப்பை எப்படி நியாயப்படுத்துகின்றன?

வரி தவிர்ப்பு என்றால் சட்டத்தை மீறாமலே லாபத்தை வரி குறைவான நாட்டுக்கு நகர்த்திவிடுவது. கேட்டால் 'சட்டப்படி கட்ட வேண்டியதைக் கட்டுகிறோம், இத்தனை பேருக்கு வேலையும் தருகிறோமே' என்பார்கள். பிரிட்டனில் ஸ்டார்பக்ஸ் என்ற காபிக் கடை நிறுவனம் 14 ஆண்டுகளில் சுமார் 300 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டுக் கட்டிய நிறுவன வரி வெறும் 86 லட்சம் பவுண்டு. 2012-இல் நாடாளுமன்றக் குழு கேட்டதற்கு, இங்கே நஷ்டம்தான் என்றார்கள் (முதலீட்டாளர்களிடம் மட்டும் நன்றாக ஓடுகிறது என்று சொல்லியிருந்தார்கள், அது தனிக்கதை). ஸ்டார்பக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்த நெதர்லாந்திலுள்ள தங்கள் சொந்த நிறுவனத்துக்கே கட்டணம் கட்டினால் லாபம் எங்கே மிஞ்சும்? கடைப் பலகைக்கு வாடகை என்று வெளியூர்த் தம்பிக்குக் கல்லாவைக் காலி செய்து அனுப்பிவிட்டு, கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பது மாதிரிதான். அப்புறம், இதை வரி ஏய்ப்போடு குழப்ப வேண்டாம். வருமானத்தையே மறைக்கும் ஏய்ப்புதான் குற்றம்.