கடலையை நிறுத்தினால் எடை குறையுமா?

ஐயா, வணக்கம்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். வயது 44, உயரம் 157 செ.மீ., எடை 76 கிலோ இருந்தேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நிலக்கடலை, தேங்காய், நெய், நல்லெண்ணெய் எல்லாவற்றையும் அறவே விட்டுவிட்டேன். தோசைக்குக்கூட எண்ணெய் கிடையாது. முதல் மாதம் 2 கிலோ இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக முள் அசையவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தாங்க முடியாத பசி. ஆறு மேரி பிஸ்கட்டும் இரண்டு ரஸ்க்கும் டீயில் தோய்த்துத் தின்றால்தான் அடங்குகிறது. கடலை பித்தம், கொழுப்பு ஏறும் என்கிறார் மாமியார். சோற்றைத் தொடாதே, பாதாம் இஷ்டத்துக்குச் சாப்பிடு, காபியில் வெண்ணெய் போட்டுக் குடி என்று வீடியோ காட்டுகிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்த நாலு மணிப் பசி. மாமியார், மகன் வழக்கைப் பிறகு பார்ப்போம்.

ஓடு நீக்கிய நிலக்கடலை ஒரு கைப்பிடி ஏறக்குறைய 30 கிராம். அதில் 170 கலோரி. நீங்கள் தின்னும் பிஸ்கட்டும் ரஸ்க்கும் சேர்ந்தால் 250ஐ ஒட்டி வரும். கொழுப்புக்குப் பயந்து கடலையை விட்டீர்கள். அந்த இடத்தில் மைதாவும் சர்க்கரையும் வந்து உட்கார்ந்துகொண்டன, அதுவும் கூடுதல் கலோரியோடு. கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, ஒரு முட்டைக்குக் குறையாது. நார்ச்சத்தும் இருக்கிறது. மென்று தின்ன நேரம் பிடிக்கும். டீயில் தோய்த்த ரஸ்க் தொண்டையில் இறங்குவதே தெரியாது, ஆறு மணிக்கு மறுபடியும் வயிறு கேட்கும்.

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. கொழுப்பை விரட்டினால் உடம்பு தானாக இளைக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். கணக்கில் தப்பில்லை. ஆனால் நாம் வயிறு அடங்கும் வரை சாப்பிடுகிறவர்கள். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறிவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். 2018இல் முடிவு வந்தது. ஓராண்டில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பருப்பு, கொட்டை வகைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. முழுப் பாதாமை எவ்வளவுதான் மென்றாலும் சில துணுக்குகளின் செல் சுவர் உடையாது. உள்ளே சிக்கிய கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு வெளியேறிவிடும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல் இதை அளந்தார்கள். 170 கலோரி என்று ஏட்டுக் கணக்கு சொன்ன 28 கிராம் பாதாமில் உடம்புக்குச் சேர்ந்தது 129தான். பாதாமை விழுதாக அரைத்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது, முழுக் கலோரியும் சேர்ந்துவிடும். நிலக்கடலையும் இதே வழிதான். வெண்ணெய் மாதிரி அரைத்துப் பாட்டிலில் விற்பதை வாங்காதீர்கள், முழுசாக வாங்கி மெல்லுங்கள்.

வெள்ளைக்காரன் உடம்புக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். சர்க்கரை நோய் உள்ள 300 பேரை வைத்துச் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 12 வாரம் தினம் 30 கிராம் முந்திரி கொடுத்தார்கள். அவர்களுக்கு எடை ஏறவில்லை, ரத்த அழுத்தம் சற்றுத் தணிந்தது, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். கூடியது. 2018இல் வெளிவந்தது இது. முந்திரியின் பேரைக் கேட்டாலே நடுங்குகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ஆனால் அந்த 30 கிராம் என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள். பிஸ்கட்டும் தின்று கடலையும் தின்றால் எடை ஏறத்தான் செய்யும். பிஸ்கட்டுக்குப் பதில்தான் கடலை. நம் பேருந்து நிலையங்களில் தள்ளுவண்டிக்காரர் இரும்புச் சட்டியில் மணலோடு புரட்டி, சல்லடையில் அள்ளி ஓர் உதறு உதறுவார். மணல் கீழே கொட்டிவிடும், சூடான கடலை காகிதப் பொட்டலத்தில் விழும். சொட்டு எண்ணெய் கிடையாது. தோலோடு மெல்லுங்கள். அவித்த கடலை இன்னும் நல்லது, தண்ணீர் ஏறியிருப்பதால் அதே கைப்பிடிக்குக் கலோரி குறைவு. கடலைமாவில் புரட்டிப் பொரித்த மசாலாக் கடலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டி.வி. முன்னால் டப்பாவோடு உட்காரவும் வேண்டாம்.

சமையல் எண்ணெய்க்கு வருகிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், ஏறக்குறைய 120 கலோரி. செக்கு எண்ணெய், ரீஃபைண்டு எதுவானாலும் இதில் மாற்றமில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் 30 கிராம், அதாவது 270 கலோரி. உங்கள் வீட்டில் பாட்டில் பிரித்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள், ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். அதைப் பாதியாக்குங்கள், அறவே நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) உடம்பில் சேர அதோடு கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கீரையை உங்களுக்கென்று மட்டும் தாளிக்காமல் வெறுமனே அவித்துச் சாப்பிடுவது வீண். தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் விட்டுக்கொள்ளுங்கள்.

தேங்காய் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் குறைவில்லாமல் விளைகிற பொருள், நம் சமையலிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற வகை என்பதால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். துருவல் 20 கிராமில் 70 கலோரிதான். சட்னிக்கு அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள், நெய்யும் அப்படியே.

மதியச் சாப்பாட்டை நீங்கள் எழுதவே இல்லை. கொழுப்பை நிறுத்தியபின் சோறு கூடியிருக்கும் என்பது என் ஊகம். எண்ணெய் இல்லாத ரசமும் நீர்மோரும் ஊற்றிக்கொண்டால் சோறு எவ்வளவு இறங்கியது என்பது தெரியாது. 100 கிராம் சோற்றில் 130 கலோரி. இரண்டு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பருப்போ சுண்டலோ மீனோ வையுங்கள். நெல் விளைகிற ஊரில் சோற்றையே தொடாதே என்பது நடக்கிற காரியமில்லை, தேவையும் இல்லை.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். காபியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. அதில் புரதமும் இல்லை, நாரும் இல்லை, மெல்லுகிற வேலையும் இல்லை. பாதாமுக்கும் அளவு ஒரு கைப்பிடிதான். நிலக்கடலை வாங்குகிற காசில் பாதாமை நினைத்துப் பார்க்க முடியுமா?

மாமியாரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் காலத்து அனுபவத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கலாம். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டையாக வாங்கி வைக்காமல் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ முன்பு வந்திருந்தால் நான் சொன்னது உங்களுக்கு இல்லை. கொழுப்பே இல்லாமல் வேகமாக இளைப்பதிலும் ஒரு கெடுதல் உண்டு. பித்தப்பை சுருங்கி விரிய வேலை இல்லாமல் பித்தநீர் தேங்கிக் கல் உருவாகலாம்.

எடையைப் பற்றி மனம் தளராதீர்கள். சர்க்கரை எல்லையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் 7 சதவீத எடைக் குறைப்பையும் நடைப்பயிற்சியையும் இலக்காக வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 76இல் 7 சதவீதம் 5 கிலோ சொச்சம். அதில் 2 கிலோ ஏற்கெனவே இறங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டி நாலு மணிக்குக் கடலையை ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்துப் பசி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், எடையை அதற்கப்புறம் எழுதினால் போதும்.